எறும்பு விலகாத பாதம்

செம்பூர்
20-4-2024

அன்புள்ள செல்விக்கு,

மதினி எழுதுகிறேன். உன் வீட்டில் எல்லோரும் சுகமா? உன் வீட்டுக்காரரின் கால் எலும்பு கூடிவிட்டதா? நான் சுகம். நெஞ்சில் போட்ட தையல் ஆறிவிட்டது. தும்மினால் மட்டும் உயிர் போய்த் திரும்பி வருகிறது.

போன் இருக்கக் காகிதம் எதற்கு என்று கேட்காதே. கொஞ்ச நாளாகப் போனில் என் குரலைக் கேட்டாலே நீ அழ ஆரம்பித்துவிடுகிறாய். குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறேன், எனக்கு எதற்கு இழவு வீட்டு அழுகை? காகிதத்தில் அழு. மை கலங்கும், அவ்வளவுதான்.

உன் அண்ணன் செய்த கூத்தைப் பார்த்தாயா! எனக்காக நேர்ந்துகொண்டதைப் பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தாவிடம் செலுத்திவிட்டு வருகிறேன் என்று போனவர், அங்கிருந்தே காசிக்கு நடைப்பயணமாம். அதிலும் மௌன விரதமாம், போனைத் தொடமாட்டாராம். நீ சொன்னதால் நம்புகிறேன். செம்பூர் ஸ்டேஷனுக்கே ஆட்டோ பிடிக்கிற மனிதர் அவர்.

ஆறு மாதம் அதிர்ச்சி ஆகாது, அலைச்சல் ஆகாது என்று டாக்டர் சொன்னதால் பின்கதவருகே பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். ரீடெவலப்மெண்ட், கட்டிடத்தை இடித்துப் புதிதாகக் கட்டப்போகிறார்கள் என்று மாடிக் குடித்தனங்கள் எல்லாம் காலி. மிச்சம் நானும், பக்கத்து வீட்டு ஷரீஃபுன்னிசாவும்தான். ஆனால் கொல்லையில் கூட்டத்துக்குக் குறைவில்லை. வாதாம் மரத்தில் ஒரு தையல்சிட்டு இரண்டு இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டியிருக்கிறது. நான் நாற்காலியை அசைத்தால் போதும், கொல்லையே அதிரக் கத்தித் தீர்த்துவிடும். மதிலில் ஒரு ஓணான். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டும், எழுந்தால் ஓடிவிடும். கட்டெறும்புச் சாரி துவைகல்லைச் சுற்றிப் போகிறது. குறுக்கே காலை வைத்தால் என் பாதத்தை ஒட்டி வளைந்து போகும். உயிருள்ளது எது, கல் எது என்று அதற்கு எப்படியோ தெரிகிறது.

அவரைப் பற்றித் தகவல் வந்தால் எழுது.

அன்புடன்,
மதினி பானுமதி

*

சேரன்மகாதேவி
4-5-2024

அன்புள்ள மதினிக்கு,

செல்வி பணிவோடு எழுதுவது. உங்கள் கடிதம் கிடைத்தது. இவருடைய காலில் இன்னும் மாவுக்கட்டு இருக்கிறது. அவரை விட்டு நகர முடியாததால்தான் உங்களை வந்து பார்க்க முடியவில்லை.

அண்ணனைப் பற்றி நினைத்து நெஞ்சை வருத்திக்கொள்ளாதீர்கள். கூடப் போனவர் ஒருவர் சொல்லி அனுப்பினார். நல்ல இடத்தில் இருக்கிறாராம், எந்தக் கஷ்டமும் இல்லையாம். டாக்டர் சொன்ன ஆறு மாதம் கழியட்டும், எல்லாவற்றையும் பேசிக்கொள்ளலாம். அதுவரை ஒருநாள்கூடப் பூவும் குங்குமமும் இல்லாமல் இருக்காதீர்கள். இதை மட்டும் செல்விக்காகச் செய்யுங்கள்.

இங்கே வெயில் தாங்கவில்லை. ஆற்றுப் பக்கம் நான் போவதே இல்லை. அமாவாசை வருகிறது, காக்கைக்குச் சோறு வைக்க வேண்டும். மாதாமாதம் வைக்கிறேன்.

மாத்திரையை மறக்காதீர்கள்.

உங்கள்,
இசக்கிசெல்வி

*

செம்பூர்
19-5-2024

அன்புள்ள செல்விக்கு,

சுகம், சுகம், மகா சுகம்! உன் அண்ணன் வந்துவிட்டார்!

நேற்று மதியம். வேலைக்கார பாயி பாத்திரம் கழுவிவிட்டுப் போய்விட்டாள். ஓணானைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணைத் திருப்பினால் வாதாம் மரத்தடியில் நிற்கிறார். பின்பக்கம் கேட் கிடையாது, மதில் ஏறிக் குதிக்கிற வயதும் இல்லை. எப்படி வந்தீர்கள் என்று கேட்டால் சிரிக்கிறார். விரதம் இன்னும் முடியவில்லை போலிருக்கிறது. முகத்தில் ஒரு வாட்டம் கிடையாது. கால்கள்தான் சொட்டச் சொட்ட ஈரம். செம்பூரில் ஒரு தூறல்கூட இல்லை, எந்தக் குழாயடியில் கழுவினாரோ. துடைத்துவிட்டேன். மறுபடியும் ஈரம்.

அழுதேன், திட்டினேன், மறுபடி அழுதேன். நெஞ்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதிர்ச்சி ஆகாது என்ற டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

ஒரு வேடிக்கை கேள். அவர் மதிலில் கை வைத்து நிற்கிறார், கைக்குப் பக்கத்திலேயே ஓணான். அசையவே இல்லை. நான் எழுந்தேன், ஓடியே போய்விட்டது.

ஆமாம், நீ ஆடிக்கும் தைக்கும்தானே காக்கைக்குச் சோறு வைப்பாய்? மாதாமாதம் என்று எழுதியிருக்கிறாயே, எப்போதிலிருந்து?

சந்தோஷத்துடன்,
பானுமதி

*

சேரன்மகாதேவி
1-6-2024

மதினிக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு உடனே எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. இன்றுதான் எழுதுகிறேன்.

கேட்பதற்கு மட்டும் பதில் எழுதுங்கள், கோபப்படாதீர்கள். அண்ணனை ஷரீஃபுன்னிசா பார்த்தாளா? பாயி பார்த்தாளா? சாப்பிடுகிறாரா? என்ன உடுத்தியிருக்கிறார்? வேட்டி என்றால் அதன் கரை என்ன நிறம்?

சாமி விளக்கை அணையவிடாதீர்கள்.

செல்வி

*

செம்பூர்
10-6-2024

அன்புள்ள செல்விக்கு,

இங்கு இருவரும் நலம். நீ என்ன போலீஸ் விசாரணையா நடத்துகிறாய்? அண்ணன் வந்துவிட்டார் என்றால் குதிப்பாய் என்று பார்த்தேன், வேட்டிக் கரையைக் கேட்கிறாய்.

பச்சைக் கரை. கேள்வி உனக்கு எப்படித் தோன்றியதோ! தண்ணீரில் நனைக்காத புது வேட்டி, மடிப்புகூடக் கலையவில்லை. ஓரத்தில் மஞ்சள் தடவியிருக்கிறது. நீ எடுத்துக் கொடுத்ததா? நல்ல நெசவு.

மற்றவர்கள் பார்க்கவில்லை. ஆள் வந்தால் உள்ளே போய்விடுகிறார். ஷரீஃபுன்னிசா மட்டும் மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "யாருகிட்டக்கா பேசிக்கிட்டு இருக்கிய?" என்று கேட்டாள். "எங்க வீட்டுக்காரர்கிட்டதான்" என்றேன். என்னவோ மாதிரி பார்த்துவிட்டுப் போனாள்.

செல்வி, நாம் அவரைச் சாதாரண மனிதராக நினைத்துவிட்டோம். காசிக்கு நடந்த பலன் சும்மா இல்லை. தையல்சிட்டின் கூட்டுக்குள்ளே முகத்தை வைத்துப் பார்க்கிறார், அது சத்தமே போடாமல் அடைகாக்கிறது. பல்லி அவர் தோளில் ஏறி மறுபக்கம் இறங்குகிறது. சாயங்காலம் என்னைப் பிடுங்கித் தின்கிற கொசு, அவர் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. எறும்புச் சாரி அவர் பாதத்தைச் சுற்றி வளையாமல், துவைகல்மேல் ஏறுகிற மாதிரி நேராக ஏறிப் போகிறது. மகான்களிடம்தான் ஜீவராசிகளுக்குப் பயம் இருக்காது என்பார்கள். நம் வீட்டு ஆறுமுகநயினாரும் அந்தக் கணக்கில் சேர்வார் என்று யார் கண்டது!

காக்கை மட்டும் வித்தியாசம். அவர் நின்றால் மதிலில் வந்து உட்கார்ந்து அவரையே பார்க்கிறது.

சாப்பாடுதான் சரியில்லை. தட்டில் பிசைகிறார், கையை எடுத்தால் சோறு அப்படியே இருக்கிறது. அமாவாசை அன்று அதுவும் இல்லை. அன்றைக்குத்தான் முதன்முதலாக வாயைத் திறந்தார். "வேண்டாம் பானு. செல்வி சொதி வச்சிருந்தா. இஞ்சித் தொவையலும். வயிறு நெறைஞ்சிருக்கு" என்றார். அன்று உன் வீட்டில் சொதியா? ஞானதிருஷ்டியும் வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

அன்புடன்,
பானுமதி

*

செம்பூர்
29-6-2024

அன்புள்ள செல்விக்கு,

நலம். உன் நலத்துக்குப் பதிலே இல்லை. சொதி வைத்தாயா இல்லையா என்று ஒரு வரி எழுத இவ்வளவு நாளா?

மழை பிடித்துக்கொண்டது. கொல்லையில் கணுக்கால் அளவு தண்ணீர். அதில் நடந்தால் என் காலைச் சுற்றி வட்டம் வட்டமாக அலை போகிறது. அவர் நடந்தால் ஒன்றும் இல்லை. தண்ணீர்மேல் ஓடுகிற பூச்சிகூடத் தடம் மாறாமல் ஓடுகிறது.

ஷரீஃபுன்னிசாவும் வீட்டைக் காலி செய்துவிட்டாள், தாராவியில் மகள் வீட்டுக்குப் போகிறாள். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நீங்களும் எங்கூட வந்திருங்க" என்றாள். அவரை விட்டுவிட்டு எப்படிப் போவேன்? பாயியும் நின்றுவிட்டாள். இந்த வீட்டில் தரை காய்வதே இல்லையாம்.

மணி அடித்தால் அவர் மரத்துக்குப் பின்னால் போய்விடுவதால் போனை அணைத்து அரிசி டப்பாவில் போட்டுவிட்டேன். கடிதம்தான் போடு.

பானுமதி

*

சேரன்மகாதேவி
9-7-2024

அன்புள்ள மதினிக்கு,

உங்கள் இரண்டு கடிதங்களும் என் தலையணைக்கு அடியில்தான் இருக்கின்றன. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதுவதைத் தவிர வேறு எதை எழுதுவது என்று தெரியாமல் இருந்துவிட்டேன்.

சொதிதான் வைத்தேன். துவையலும்தான்.

இந்த அமாவாசைக்கு வேண்டுமென்றே புளிக்குழம்பு வைத்தேன். அண்ணன் ஏதாவது சொன்னாரா? சொல்லியிருந்தால் எனக்கு எழுத வேண்டாம்.

சாஸ்தா கோவில் திருநீறு இத்துடன் இருக்கிறது. பின்கதவு நிலையில் பூசுங்கள். கதவைத் திறக்காதீர்கள். நீங்கள் ஷரீஃபுன்னிசா வீட்டுக்குப் போய்விடுங்கள் மதினி, உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன். இவருக்கு மாவுக்கட்டைப் பிரித்ததும் நான் வந்து உங்களை இங்கே கூட்டி வந்துவிடுகிறேன். உங்களிடம் நேரில் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. நெஞ்சைத் திடமாக வைத்துக்கொள்ளுங்கள்.

செல்வி

*

செம்பூர்
20-7-2024

என் செல்விக்கு,

நான் நலம். நீ பயந்துபோய் இருக்கிறாய், அதனால் நலமில்லை என்று தெரிகிறது.

நேரில் சொல்ல வேண்டாம். எனக்குத் தெரியும். நீ போனில் அழுதபோதே பாதி தெரிந்தது. காசிக்கு நடக்கிறார் என்று நம்பியது மீதிப் பாதி, எனக்கு வேறு வழி இல்லாததால் நம்பினேன். அவர் வந்து நின்ற அன்று அந்தப் பாதியும் எறும்பு ஏறிப் போய்விட்டது. மகான், ஞானி என்று உனக்கு எழுதினேனே, அது என் மனதுக்கு நானே கொடுத்த மாத்திரை. பிடித்த துணையை விட முடியவில்லை செல்வி.

தாமிரபரணிதானே? நேர்ச்சைக்குக் குளிக்க இறங்கியபோதுதானே? கால் காயாமல் இருப்பதிலிருந்து புரிந்துகொண்டேன். கோடி வேட்டியை நீதான் போர்த்தியிருப்பாய். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. என் நெஞ்சு வெடித்துவிடும் என்று பயந்து எல்லோருமாகச் சேர்ந்து மறைத்தீர்கள். காசிக்கு நடந்து போகிறார், ஒருநாள் திரும்பி வருவார் என்று சொன்னீர்கள். அந்தப் பொய்யில்தான் அவர் நடந்து வந்திருக்கிறார். வழி சொல்லிக் கொடுத்தவள் நீ.

திருநீற்றைப் பூசவில்லை. சாமி விளக்கருகே வைத்திருக்கிறேன்.

புளிக்குழம்பில் உப்பு அதிகம் என்றார்.

ஒன்று கேட்கிறேன், மாட்டேன் என்று சொல்லாதே. ஆடி அமாவாசைக்கு நீ சோறு வைக்காதே. அங்கே வயிறு நிறைவதால்தான் இங்கே என் சோற்றை அவரால் தொட முடியவில்லை. அங்கே பசியோடு விட்டால் இங்கே சாப்பிடுவார், சாப்பிட்டால் தங்குவார். முப்பது வருஷமாக நமக்குள் ஒரு பாத்திரச் சண்டைகூட வந்ததில்லை. இந்த ஒன்றைக் கொடு.

உன் மதினி

*

சேரன்மகாதேவி
5-8-2024

மதினிக்கு,

சோறு வைக்கவில்லை.

நேற்று ஊரெல்லாம் ஆற்றங்கரையில் எள்ளும் தண்ணீரும் இறைத்தார்கள். நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தேன். காக்கை சமையலறை ஜன்னல் கம்பியைக் கொத்திக்கொண்டே இருந்தது. என் அண்ணனைப் பட்டினி போட்டேன். உங்களுக்காகத்தான் போட்டேன்.

நன்றாக இருக்கிறேன் என்று உடனே எழுதுங்கள்.

செல்வி

*

செம்பூர்
18-8-2024

அன்பான செல்விக்கு,

நல்லபடியாக இருக்கிறேன். உனக்குக் கோடி புண்ணியம்.

ஆடி அமாவாசை அன்று இலை போட்டேன். உட்கார்ந்தார். உண்டார்! கத்தரிக்காய்க் கூட்டை இரண்டு தரம் கேட்டு வாங்கினார். அவர் எழுந்ததும், கல்யாணமான புதிதில் செய்த மாதிரி, அதே இலையில் எனக்குப் பரிமாறிக்கொண்டு சாப்பிட்டேன். எச்சில் இலையில் உண்டால் பாசம் ஒட்டும் என்று அம்மா சொல்லித்தான் என்னை அனுப்பினாள். அன்றிலிருந்து தினமும் அப்படித்தான்.

உடம்பு எவ்வளவோ தேவலை. மூச்சு வாங்குவதில்லை. தும்மினேன், தையல் இழுக்கவே இல்லை. மாத்திரையை நிறுத்திவிட்டேன், தேவைப்படவில்லை. ராத்திரி ஒரு கொசுகூடக் கடிப்பதில்லை, கொசுவலையையே அவிழ்த்துவிட்டேன். தையல்சிட்டு மறுபடி முட்டையிட்டிருக்கிறது. நேற்று நாற்காலியை இழுத்துக்கொண்டு போய்க் கூட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். முன்பு என்ன கத்து கத்தும்! இப்போது கண்ணைக்கூடத் திறக்கவில்லை. என்னோடும் பழகிவிட்டது, பார்த்தாயா?

தரைதான் ஈரமாகவே இருக்கிறது. துடைத்துவிட்டுத் திரும்பினால் இரண்டு பேர் கால் தடம்.

மகிழ்ச்சியோடு,
பானுமதி

*

சேரன்மகாதேவி
2-9-2024

என் மதினிக்கு,

நலமா என்று எழுதி எழுதி அடித்துவிட்டேன்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் தாராவிக்குப் போன் செய்து ஷரீஃபுன்னிசாவை அனுப்பினேன். போய்ப் பார்த்துவிட்டு என்னிடம் அழுதாள். "கதவு உள்ள பூட்டியிருக்கு. மதிலு வழியா எட்டிப் பார்த்தேன். அக்கா நாற்காலியில இருக்காவ, மடியில மைனா உக்காந்திருக்கு. நான் கூப்பிட்டதும் அக்கா கையை ஆட்டுனாவ. மைனா பறக்கவே இல்ல" என்றாள். நாளை மருமகனையும் கூட்டிக்கொண்டு கதவைத் தட்டுவதாகச் சொல்லியிருக்கிறாள். அவள் வந்தால் திறங்கள். பிள்ளையார் சதுர்த்திக் கூட்டத்தில் ரயில் டிக்கெட் வியாழக்கிழமைக்குத்தான் கிடைத்தது. இவரைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு வருகிறேன். எனக்கு முன்னால் இந்தக் கடிதம் வந்துவிட வேண்டும் என்று ஸ்பீட் போஸ்டில் போடுகிறேன்.

உங்களுக்குக் கொடுத்த வாக்கை இன்று மீறிவிட்டேன். அமாவாசைக்குச் சோறு வைத்தேன். சொதி வைத்து, துவையல் அரைத்து, அண்ணன் பெயரைச் சொல்லி வாய்விட்டு அழுது கூப்பிட்டேன். வரட்டும், உண்ணட்டும், போகட்டும், உங்களை விட்டுவிட்டுப் போகட்டும் என்றுதான் கூப்பிட்டேன்.

ஒரு காக்கை வந்தது. இலையைத் தொடவில்லை. ஒரு பருக்கையைக்கூடக் கொத்தாமல் வடக்கே பார்த்துத் திரும்பி நின்று கரைந்தது. காக்கை தனியாக உண்ணாது என்பது நமக்குத் தெரிந்ததுதானே மதினி, தன் கூட்டத்தைக் கூப்பிடும். கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. முருங்கை மரத்தில் இரண்டாவது காக்கை வந்து உட்கார்ந்தது. மெலிந்த காக்கை. நெஞ்சின் நடுவே இறகு விலகி, மேலிருந்து கீழே தையல் தடம் மாதிரி ஒரு கோடு இருந்தது.

அது இறங்குவதற்குள் கல்லை எடுத்து எறிந்தேன். அமாவாசை அன்று காக்கையைக் கல்லால் அடித்தவள் நான், அந்தப் பாவம் என் தலையில் விடியட்டும். இலையைச் சுருட்டிச் சாக்கடையில் போட்டுவிட்டேன். இரண்டாவது காக்கை பறந்து போகவில்லை. இதை எழுதும்போதும் மரத்தில்தான் இருக்கிறது, என்னையே பார்க்கிறது. நானும் கல்லைக் கீழே போடவில்லை.

அவர் இலையில் இனி உண்ணாதீர்கள். மாத்திரையைப் போடுங்கள். போனை அரிசி டப்பாவிலிருந்து எடுங்கள். வேறு ஒன்றும் எழுத வேண்டாம், பேச வேண்டாம். சாயங்காலம் பின்கதவைத் திறந்து நாற்காலியில் உட்காருங்கள், புடவைத் தலைப்பை விலக்கிக் கையை வெளியே நீட்டுங்கள். அதன்பிறகு ஒரே ஒரு வார்த்தை எனக்குச் சொல்லுங்கள்.

உங்களைக் கொசு கடிக்கிறதா, மதினி?

உங்கள் செல்வி